திங்கட்கிழமை விருந்து

புது ஊருக்குப் போனால் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்பது உலகத்திலேயே சாதாரணமான கேள்வி என்றுதான் நான் நினைத்திருந்தேன். தூத்துக்குடிக்கு வந்த முதல் நாளே அந்த நினைப்பில் மண் விழுந்தது.

கோயம்புத்தூரில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, கம்பெனி மாற்றல் போட்டதால் வந்தவள் நான். கப்பலில் வருகிற, போகிற சரக்குக்குச் சுங்கக் காகித வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. நான் பிறந்தது ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஒரு வயல்காட்டு ஊரில். ஆனாலும் தூத்துக்குடி எனக்குப் புது ஊர்தான். சின்ன வயதில் துணி எடுக்கவும் ஆஸ்பத்திரிக்கும் வந்ததோடு சரி. வீட்டுக்காரர் கோயம்புத்தூரிலேயே இருந்துவிட்டார். நான் இங்கே ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். சமைக்கிற ஆசை எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை, அதைச் சொல்வதில் வெட்கமும் இல்லை. ஆகவே வேலையில் சேர்ந்த அன்று மத்தியானம் எனக்கிருந்த ஒரே கவலை சோறுதான்.

எங்கள் அலுவலகத்தின் மூத்த குமாஸ்தாவை எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். அவரிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, இங்கன நல்ல சாப்பாடு எங்க கெடைக்கும்?"

"ஒங்களுக்கு எந்த ஊரும்மா?"

"ஸ்ரீவைகுண்டம் பக்கம்."

"பக்கம்னா? ஆத்துக்கு அந்தக் கரையா, இந்தக் கரையா?"

சொன்னேன்.

"அங்கன எந்தத் தெரு? கோயிலுக்குக் கெழக்கயா, மேற்கயா?"

சோற்றுக்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் யோசிக்கலாம். இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். தெருவைச் சொன்னால் மற்றதெல்லாம் சொன்ன மாதிரி. நானும் பசி மயக்கத்தில் சொல்லித் தொலைத்தேன். அண்ணாச்சிக்கு அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அத மொதல்லயே சொல்லப்பிடாதா? நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால போங்க, ஒரு மெஸ் இருக்கு. நம்மாளுதான்" என்றார்.

போனேன். கல்லாவில் இருந்தவரும், இலை போட்டதும் பக்கத்தில் வந்து நின்று, "எந்த ஊரு?" என்று ஆரம்பித்தார். பதிலைக் கேட்டதும் முகம் மலர்ந்து, எனக்கு இன்னொரு அப்பளம் வைக்கச் சொன்னார். சாம்பாரில் ஒரே ஒரு முருங்கைக்காய்த் துண்டு துணையில்லாமல் கிடந்தது. ரசம் வெந்நீர். பொரியலில் முந்தின நாள் வாடை. இதே சாப்பாட்டை வேறொருவர் கடையில் போட்டிருந்தால் அண்ணாச்சி காறித் துப்பியிருப்பார். நம்மாளு கடை என்பதால் அது நல்ல சாப்பாடு ஆகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இரண்டாவது அப்பளத்தை இலையிலேயே நொறுக்கிப் போட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

அண்ணாச்சி ஒருவர் மட்டும் இப்படி என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அந்த வாரம் முழுவதும் நான் யாரைக் கேட்டாலும் இதுதான் நடந்தது. மாடி அறையின் வீட்டுக்காரம்மா, "நீங்க சர்ச்சுக்குப் போறவியளா, கோயிலுக்குப் போறவியளா?" என்று கேட்டுவிட்டுத்தான் இட்லிக் கடைக்கு வழி சொன்னார். வங்கியில் இருந்தவர் என் இனிஷியலுக்கு விரிவு கேட்டார். ஒவ்வொருவரும் ஒரு கடையைச் சொன்னார்கள், எல்லாமே அவரவர் ஆள் கடை. போனில் தேடிப் பார்த்தால் அது வேறு கூத்து. ஏசி ஓட்டல், பளபளவென்று மேஜை, தட்டில் ஒரு மீனைப் படுக்க வைத்து அதன் மேல் எலுமிச்சம்பழத்தை வட்டமாக நறுக்கி வைத்த படம். எண்ணெயில் பொரித்த புரோட்டாவையும் மக்ரூனையும் தின்றுவிட்டுப் போனால் தூத்துக்குடியைத் தின்றாகிவிட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். புரோட்டாவும் மக்ரூனும் நன்றாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. மூன்று வேளையும் அதையே தின்கிற மனுஷன் யார்?

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம்தான் அவளிடம் கேட்டேன்.

அவள் எங்கள் கணக்குப் பிரிவில் இருந்தாள். புன்னைக்காயல்காரி. முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். பி.காம். படித்தவள். நாலு வருடத்துக்கு மேலாக அங்கே வேலை, ஆனால் நிரந்தரம் இல்லை. வருடாவருடம் மார்ச் மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். வீட்டுக்காரர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். கடல் கொடுக்கிற மாதம் கொடுக்கும், கொடுக்காத மாதம் கையை விரித்துவிடும். அந்த வீட்டுக்குத் தவறாமல் வருவது இவளுடைய சம்பளம் மட்டும்தான். அதை நம்பித்தான் மகளைத் தூத்துக்குடியில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள். காலையில் தாயும் மகளும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள்.

"ஏம்மா, இங்கன நல்ல சாப்பாடு எங்க கெடைக்கும்?" என்றேன். கேட்கும்போதே அடுத்து வரப்போகிற கேள்விக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, "இன்னைக்கு என்ன கெழம அக்கா?" என்றாள்.

"என்ன கெழமையா?"

"திங்கள்லா. அப்ப இன்னைக்கு மத்தியானம் எந்தக் கடையிலயும் மீனு வாங்காதிய. நேத்து ஞாயித்துக்கெழம, யாரும் கடலுக்குப் போயிருக்க மாட்டாவ. இன்னைக்கு விடியக்காலம் போனவிய இன்னும் கரைக்கு வரல. ஒங்க தட்டுல வந்து விழுறது சனிக்கெழம புடிச்சதாத்தான் இருக்கும். பருப்புச் சோறும் அவிச்ச முட்டையும் சாப்புட்டுக்கிடுங்க. நாளைக்குப் போவலாம், நான் கடை சொல்லுதேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊரில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஒரு வாரமாக என் பூர்வீகத்தைத் தோண்டாமல் எனக்குச் சோற்றுக்கு வழி சொன்ன ஒரே ஆள் அவள்தான். அவள் கேட்டது கிழமையை மட்டும்.

மறுநாள் அவள் சொன்ன கடைக்குப் போனேன். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம். போர்டு கிடையாது, வாசலில் ஐஸ் லாரி நிற்கும், அதுதான் அடையாளம். லாரிக்காரர்களும் வலை இழுக்கிறவர்களும் உட்கார்ந்து சாப்பிடுகிற பெஞ்சு. புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிறார்கள். சாளை மீன் குழம்பு, தேங்காய் அரைத்து விட்டு, மாங்காய் கீறிப் போட்டது. சோற்றில் ஊற்றியதும் தலையைத் தூக்காமல் சாப்பிட்டேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த ஊரில் நான் சாப்பிட்ட மிக நல்ல சாப்பாடு எந்தக் கடையிலும் இல்லை. அவளுடைய டிபன் பாக்ஸில்தான் இருந்தது. பத்து நாளிலேயே நாங்கள் இரண்டு பேரும் உணவறையில் ஜன்னலோரமாக ஒன்றாக உட்கார ஆரம்பித்துவிட்டோம். நான் கடையில் வாங்கிய சோற்றையும் மோரையும் கொண்டுவருவேன், அவள் குழம்பில் பாதியை என் பக்கம் தள்ளுவாள். ஒரு நாள் நெத்திலி அவியல், ஒரு நாள் கணவாய், ஒரு நாள் தேங்காய்ப்பால் விட்டு வைத்த மீன் சொதி. எங்கள் ஊரில் சொதி என்றால் கல்யாண வீட்டு மறுநாள் சாப்பாடு, காய்கறிதான் போடுவோம். அதில் மீனைப் போடலாம் என்று நாற்பத்தேழு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு முன்னால் யாரும் சொல்லவில்லையே என்று அதற்கும் கொஞ்சம் கோபம் வந்தது.

இப்படி ஒரு வருடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் புது மேனேஜர் வந்தார்.

சென்னைக்காரர். நாற்பது வயது. சட்டை கசங்காது. தன்னைப் பற்றி அவர் முதல் கூட்டத்தில் சொன்ன முதல் விஷயம், தான் ஒரு பெரிய சாப்பாட்டுப் பிரியர் என்பது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைத்தான் சாப்பிடுவாராம். தட்டு வந்ததும் படம் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் கையை வைப்பாராம். அண்ணாச்சி அன்றைக்கே அவரைக் கடைவீதிக்குக் கூட்டிப்போய் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உணவறைக்குள் வந்தார். மூக்கைச் சுளிக்கவில்லை. அவ்வளவு நாகரிகம் உண்டு. எல்லோரையும் பொதுவாகப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"ஒரு ஸ்மால் ரிக்வெஸ்ட். சென்ட்ரல் ஏசி இல்லையா, ஸ்மெல் அப்படியே கேபின் வரைக்கும் வருது. க்ளையன்ட்ஸ் வர்ற இடம். ஸோ ஃபிஷ், ட்ரை ஃபிஷ் இதெல்லாம் ஆபீஸுக்குள்ள வேண்டாமே. நத்திங் பர்சனல்."

அறையில் அப்போது மீன் இருந்த பாத்திரம் ஒன்றே ஒன்றுதான். அவள் மெதுவாக மூடியைப் போட்டு அழுத்தினாள். கிளிக் என்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"சார், இது தூத்துக்குடி சார்" என்றேன்.

"ஐ நோ மேடம், ஐ லவ் தூத்துக்குடி" என்றார் சிரித்துக்கொண்டே.

எங்கள் ஜன்னலைத் திறந்தால் நிலக்கரித் தூள் வந்து மேஜையில் படியும். விரலால் தொட்டால் கறுப்பாக ஒட்டும். காற்று திரும்பினால் உரமூட்டை வாடையும் கந்தக வாடையும் மாறி மாறி வரும். இதையெல்லாம் மூச்சாக இழுத்துக்கொண்டு வேலை பார்க்கிறோம், ஒருவரும் வாய் திறந்ததில்லை. ஒரு டிபன் பாக்ஸ் சாளைக் குழம்புதான் அவர்களுக்கு நாறியது. வாரத்தில் மூன்று நாள் வீட்டில் மீன் தின்கிற அண்ணாச்சி என்னிடம் வந்து, "ஆபீஸுன்னா ஒரு இது வேணும்லாம்மா" என்றார். எது வேணும் என்று கேட்டேன். மோரை எடுத்துக் குடித்தார்.

மறுநாளிலிருந்து அவள் கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டருக்குப் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நானும் என் மோரை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். கரண்டு போனால் ஜெனரேட்டர் போடும் சத்தத்தில் பேச முடியாது. ஜாடையில்தான் குழம்பு வேண்டுமா என்று கேட்பாள். வெயில் காலில் சுட்டது. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி மாதக் கடைசியில், மும்பையிலிருந்து ஒரு பெரிய வாடிக்கையாளர் கம்பெனியின் ஆட்கள் வரப்போவதாகச் செய்தி வந்தது. மேனேஜர் பரபரப்பாக இருந்தார். எந்த ஓட்டல், எந்த ஓட்டல் என்று இரண்டு நாள் பேச்சு. மூன்றாம் நாள் கணக்குப் பிரிவுக்கு நேராக வந்தார். என் மேஜை அடுத்தது, எல்லாம் காதில் விழுந்தது.

"நீங்க கோஸ்டல் சைடுதானே? அவங்க ஓட்டல் சாப்பாடு எங்கேயும் சாப்பிடுவாங்க. நம்ம ஒரு ஆத்தென்டிக் வீட்டு லஞ்ச் கொடுத்தா சூப்பரா இருக்கும். நீங்க சமைச்சுக் கொண்டுவந்துடுங்க. கான்ஃபரன்ஸ் ரூம்ல செட் பண்ணிடலாம். திங்கட்கிழமை."

நான் தலையைத் தூக்கினேன். ஒரு மனுஷனுக்கு இதைக் கேட்க வாய் எப்படி வரும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. படிக்கட்டுக்கு அனுப்பியது அவருக்கு ஞாபகமே இல்லை.

"சார், திங்கக்கெழம வேண்டாமே சார்" என்றாள் அவள். "செவ்வாக்கெழம வச்சுக்கலாமா? ஞாயித்துக்கெழம எங்க ஊர்ல கடலுக்குப் போக மாட்டாங்க. நல்ல மீன் இருக்காது."

"அவங்க ஃப்ளைட் ஃபிக்ஸ் ஆயிடுச்சும்மா. உங்க ஹஸ்பண்டே ஃபிஷர்மேன்தானே? ஒரு நாள் போயிட்டு வரச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறக்கக்கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. மாதா கோயில் பூசைக்குப் போகிற நாள், வலை காய்கிற நாள், கடலும் கொஞ்சம் மூச்சு விடுகிற நாள். மீறினால் ஊர்க் கமிட்டி கூப்பிட்டு நிறுத்தும், கோயில் முற்றத்தில் எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும். அதை இந்த ஆள், கடையில் போய் ஒரு பாக்கெட் பால் வாங்கிவரச் சொல்வது போலச் சொன்னார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "சாப்பாடு கொண்டாந்துருதேன் சார்" என்றாள்.

மத்தியானம் படிக்கட்டில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏளா, ஒனக்கு ரோசமே கெடையாதா? ஒன் சோத்துப் பாத்திரத்தத் தொறக்கப்பிடாதுன்னு சொன்ன ஆளுக்கா நீ ஆக்கிப் போடப் போற?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "ஒங்களுக்குக் கோவம் வந்தா மாத்தல் கேட்டு கோயமுத்தூருக்குப் போயிருவிய. நான் எங்கக்கா போவேன்? அடுத்த மாசம் எனக்குக் கையெழுத்துப் போடுறது அவருதான. பிள்ளைய இந்த வருசம் ஆறாங்கிளாஸ்ல சேக்கணும்."

அவள் மேல் வந்த கோபத்தையும் அந்த ஆள் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

"சரி, வீட்டுக்காரர அனுப்பப் போறியா?"

"அனுப்ப மாட்டேன்."

"பின்ன என்னத்த ஆக்குவ?"

"திங்கக்கெழம எங்க வீட்ல என்ன ஆக்குவமோ அதத்தான் ஆக்குவேன். வீட்டுச் சாப்பாடுதான கேட்டாரு?"

திங்கட்கிழமை ஆட்டோவில் பெரிய தூக்குகளோடு வந்து இறங்கினாள். பட்டுச்சேலை இல்லை, எப்போதும் கட்டுகிற பருத்திச் சேலைதான். கான்ஃபரன்ஸ் ரூமில் முதல் தூக்கைத் திறந்ததும் வாசனை கிளம்பியது பாருங்கள், லிப்ட் வரைக்கும் போனது. சீலாக் கருவாட்டுக் குழம்பு. கத்தரிக்காயும் மாங்கொட்டையும் போட்டுச் சுண்ட வைத்தது. மொறுமொறுவென்று வறுத்த நெத்திலிக் கருவாடு. அதற்குத் தோதாகக் காய்கறிச் சொதி, முருங்கைக்கீரை. கடலுக்குப் போகாத நாளுக்கு மறுநாள் அந்தக் கரை முழுக்க அடுப்பில் இருக்கிற சாப்பாடு அதுதான்.

மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா இது, ட்ரை ஃபிஷ்ஷா?" என்று பல்லுக்குள் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் விருந்தாளிகள் உள்ளே வந்துவிட்டார்கள்.

அவர்களுக்குத் தலைவியாக வந்தவர் அறுபது வயது அம்மாள். கதவருகிலேயே நின்றுவிட்டார். முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் மூக்கால் ஒரு முறை இழுத்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். கொங்கணக் கடற்கரையில் பிறந்தவராம். அவருடைய அம்மா மொட்டை மாடியில் மீன் காயப்போட்டுவிட்டுக் காக்கா விரட்ட இவரைத்தான் உட்கார வைப்பாராம். ஆங்கிலத்தில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஸ்பூனை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். மற்றவர்களும் அவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

அப்போது மேனேஜர் நிறம் மாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். படம் எடுத்தார். "எங்கள் அலுவலகத்தில் உள்ளூர் உணவைக் கொண்டாடுவது ஒரு பண்பாடு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கொண்டாடுவது! தண்ணீர் பாட்டில் அடுக்கிக்கொண்டு சுவரோரமாக நின்ற எனக்கு, அந்தப் பாட்டிலில் ஒன்றை எடுத்து அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது. அவள் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"இதைச் சமைத்தது யார்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"எங்கள் ஆபீஸ் பெண்களில் ஒருத்தி" என்று மேனேஜர் கையைக் காட்டினார்.

அந்த அம்மாள் அவளைப் பார்த்து, "நின்றுகொண்டே இருக்கிறாயே, வா, எங்களோடு உட்கார்ந்து சாப்பிடு" என்றார்.

"அவர் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டார்" என்றார் மேனேஜர். யோசிக்கவே இல்லை. அப்படியே வாயில் வந்தது.

அவள் கரண்டியைக் குழம்பில் வைத்தாள். "இல்லை மேடம், நான் இன்னும் சாப்பிடவில்லை" என்று ஆங்கிலத்திலேயே, சாதாரணமாகச் சொன்னாள். சுவரோரம் கிடந்த நாற்காலியை அவளே இழுத்துப் போட்டு, மேனேஜருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் அவளுக்குச் சோறு வைத்தார். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். கணக்குப் பிரிவு, ஆறு வருடம் என்றாள். பிறகு இரண்டு பேரும் கருவாட்டுக்கு உப்பு எவ்வளவு என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் அவள் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். கோபத்தில்தான், வேறொன்றுமில்லை.

விருந்தாளிகள் போனதும் மேனேஜர் ஆள் வைத்து அறை முழுவதும் வாசனைத் திரவியம் அடித்தார். அவளிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, திட்டவும் இல்லை. மார்ச் மாதக் கடைசியில் எல்லோருடைய ஒப்பந்தத்திலும் கையெழுத்து ஆனது, அவளுடையதைத் தவிர.

நான் அவர் அறைக்குள் கேட்காமல் போனேன். "ஆறு வருசமா ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாத கணக்கு சார் அவளோடது. என்ன காரணம்?"

"மேனேஜ்மென்ட் டிசிஷன் மேடம். ஸ்கில் பிரச்சினை இல்ல. கொஞ்சம் ஆட்டிட்யூட். ஒரு டீம்னா அட்ஜஸ்ட் ஆகணும்."

"உக்காந்து சாப்புட்டதா சார் ஆட்டிட்யூட்?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் இன்னும் என்னவெல்லாமோ கத்தினேன். கதவுக்கு வெளியே எல்லோருக்கும் கேட்டது. அண்ணாச்சிக்கும் கேட்டது. நான் வெளியே வந்ததும், "நான் அப்பமே நெனச்சேன், அவ்வளவு பேருக்கு முன்னால உக்காந்திருக்கப்பிடாது" என்றார். அவரிடம் அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

அவள் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள். கால்குலேட்டர், மாதா படம், மகள் வரைந்து கொடுத்த ஒரு கப்பல். கோயம்புத்தூரில் தெரிந்தவர்களிடம் வேலைக்குச் சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டேன். "வீட்ட விட்டுட்டு எங்கக்கா வாரது" என்றாள். பிள்ளையை ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடப் போவதாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே அந்தக் கப்பல் படத்தைக் கசங்காமல் பைக்குள் வைத்தாள். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் தாயையும் மகளையும் ஏற்றிவிட்டுவிட்டு, நான் எங்கே சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். அவளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அவள் நாற்காலியில் ஒரு புதுப் பையன் உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் காலையில் மேனேஜர் என் மேஜைக்கு வந்து, சிரித்த முகத்தோடு, மும்பைக்காரர்கள் மறுபடியும் வரப்போகிறார்கள் என்றார்.

"அந்த லேடி நம்பர் உங்ககிட்ட இருக்குமே மேடம்? நம்ம ஆபீஸ்ல சமையல் பண்ணுவாங்களே, ஃபிஷ் ஐட்டம் எல்லாம் சூப்பரா. க்ளையன்ட் மேடம் ஸ்பெஷலா கேட்டாங்க."

"நம்ம ஆபீஸ்ல சமையல் பண்ண யாரும் இருந்ததில்ல சார்" என்றேன். "அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தி இருந்தா. ஆறு வருசம் இருந்தா. நீங்கதான் அனுப்புனீங்க."

அவர் ஒரு நொடி யோசித்தார்.

"ஆங், கரெக்ட், அவங்கதான்" என்றார். "நம்பர் இருக்கா?"